வேலைப் பேச்சே இல்லாமல் ஒரு நாள் முழுக்க விளையாட்டு: தோப்பில் 20 பேருக்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

தோப்புவீடு கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். மே மாதம் ஒரு சனிக்கிழமை, சேரன்மகாதேவி பக்கம் எங்கள் தோப்பில் சொந்தபந்தம் எல்லாம் கூடுகிறோம். பெரியவர்கள் 9 பேர், பிள்ளைகள் 11 பேர். சின்னவளுக்கு 4 வயது, பெரியவனுக்கு 14. சென்னை, கோவை, பெங்களூரு என்று ஆளுக்கொரு திசையில் வளரும் பிள்ளைகள். அன்றைக்கு ஒரு நாள் சொத்துப் பேச்சு, கல்யாணப் பேச்சு, மார்க் பேச்சு எதுவும் கிடையாது. விளையாட்டு, குளியல், சாப்பாடு மட்டும்தான் என்று பெரியவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று.

தோப்பில் நிழல் இருக்கிறது, மோட்டார் தண்ணீர் இருக்கிறது. பக்கத்திலேயே பனங்காடு. பத்து நிமிஷம் நடந்தால் ஆறு. பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு வைக்கலாம், அதற்கு முன்கூட்டியே என்னென்ன சேர்த்து வைக்கணும்? பெண்கள் அன்றைக்கும் அடுப்படியிலேயே நிற்காதபடி எதைச் சமைக்கலாம்? நீச்சல் தெரியாத பிள்ளைகளை ஆற்றில் இறக்கலாமா? கேட்டரிங், ஸ்பீக்கர், பரிசுக் கோப்பை எல்லாம் வேண்டாம்.

---

பனங்காட்டான் பதில்:

தம்பி, மே மாசம்னா நுங்கும் பதநீரும் இருக்கும். காலையை அதிலேயே தொடங்குங்க. பனையேறுகிறவரிடம் இரண்டு நாள் முன்னாடியே சொல்லிடணும். அன்றைக்குப் போய்க் கேட்டால் பதநீர் காய்ச்சப் போயிருக்கும். 20 பேருக்கு 6 லிட்டர் போதும். பெரியவங்களுக்கு ஒரு பட்டை (பனையோலையில மடிக்கிற குவளை), பிள்ளைகளுக்கு அரைப் பட்டைக்கு மேல வேண்டாம். பழக்கமில்லாத வயிறு இளகிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினதுதானான்னு கேட்டு வாங்குங்க. சுண்ணாம்பு இல்லாதது புளிச்சுக் கள்ளாயிடும். சுண்ணாம்புப் பதநீரையும் வெயில் ஏறுமுன்னே, ஒன்பது மணிக்குள்ள குடிச்சு முடிச்சிடணும். வடிகட்டி, கொஞ்ச நேரம் தெளிய வச்சு, மாங்காயைப் பொடிசா நறுக்கிப் போட்டு, ஓலைப் பட்டையில ஊத்திக் குடுங்க. பட்டை மடிக்கப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கச் சொல்லலாம். பனையேறுகிறவங்க அதைச் சந்தோஷமாச் செய்வாங்க.

நுங்குக் காய் 25 வாங்குங்க. ஒரு காய்க்கு மூணு கண் வச்சால் 75 நுங்கு. சாப்பிட்ட பிறகு அந்தக் கூடுதான் பிள்ளைகள் ஓட்டுற நுங்கு வண்டிக்குச் சக்கரம். ஒரு வண்டிக்கு இரண்டு வீதம் 11 பிள்ளைகளுக்கு 22 கூடு. மீதி மூணு உடைந்தால் மாத்துறதுக்கு. காய் இளசா இருக்கணும். முத்தல் நுங்கு பிள்ளைகளுக்கு வயிற்று வலி தரும், கூடும் துளை போட விடாது. காய் வெட்டும்போது தலையை மெல்லிசாச் சீவி, மூணு கண்ணும் தெரிஞ்சதும் நிறுத்தச் சொல்லுங்க. ஆழமாச் சீவினால் சக்கரம் ஒல்லியாகி அச்சு நிக்காது. நுங்கை ஸ்பூன் போட்டுத் தோண்டாம கட்டைவிரலை விட்டு எடுத்தால் கூடு கிழியாது. அரிவாள் பெரியவர் ஒருத்தர் கையை விட்டு இறங்கவே கூடாது. காயோட சாறு துணியில பட்டால் கறை போகாது, பழைய துணி உடுத்தச் சொல்லிடுங்க.

வண்டிக்கு ஒரு அச்சுக் குச்சி, ஒரு கவைக்கம்பு (நுனி இரண்டாப் பிரியிற கம்பு) வேணும். அச்சு சுண்டுவிரல் கனம், முக்கால் அடி நீளம், இரண்டு முனையும் கூரா. கவைக்கம்பு பிள்ளையோட நெஞ்சு உயரம். வேம்பு நல்லது, வளையாது. கவையோட இரண்டு காலையும் இரண்டு அங்குலத்துக்குள்ள வெட்டிடணும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுடுறாங்க. கால் நீண்டால் தரையில குத்தி வண்டி நின்னு, கம்பு பிள்ளை வயித்துல இடிக்கும்.

மூணு கண்ணுக்கும் நடுவில சதை கூடுற இடத்துல ஆணியால முதல்ல துளை போடுங்க. அப்புறம் அச்சைத் திருகி ஏத்தணும், சுத்தியலால அடிச்சால் கூடு பிளந்திடும். வெட்டுவாய் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்கட்டும், நடுவில கவைக்கம்பு நிக்கிற அளவு இடைவெளி இருக்கட்டும். அச்சு கூட்டோட இறுகி நிக்கணும், கவையில மட்டும்தான் தளர்வாச் சுத்தணும். கவையை அச்சு மேல கவிழ்த்து, ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடி வர வச்சு, கீழே சணலைத் தளர்வா ஒரு கட்டு. அது இல்லைன்னா மேட்டுல தூக்கும்போது சக்கரம் தனியா கழண்டு ஓடும்.

வண்டி ஒரு பக்கமாவே இழுத்துக்கிட்டுப் போனால், அந்தப் பக்கத்துக் காய் சின்னது. இரண்டும் ஒரே அளவாப் பொறுக்கணும். குதிச்சுக் குதிச்சு ஓடினால் துளை நடுவில விழலை, வேற கூடு மாத்துறதுதான் வழி. பச்சைக்கூடு ஒரு நாளைக்கு ஜம்முனு ஓடும். மறுநாள் வதங்கி அச்சு ஆட ஆரம்பிக்கும், அப்போ அச்சுல துணி சுத்தி ஏத்தலாம். வண்டியைப் பெரியவங்க செஞ்சு கையில கொடுக்காதீங்க. துளை மட்டும் போட்டுக் குடுத்துட்டு, 8 வயசுக்கு மேல உள்ள பிள்ளைகளையே கோக்க விடுங்க. நான் சொல்ற விளையாட்டிலேயே அதிக நேரம் பிள்ளைகளைக் கட்டிப்போடுறது அந்தக் கோக்கிற வேலைதான்.

சாயங்காலத்துக்குச் செல்லாங்குச்சி, அதான் கிட்டிப்புள். கம்பு ஒன்றரை அடி, குச்சி அஞ்சு அங்குலம், கட்டைவிரல் கனம். குச்சியோட இரண்டு முனையையும் சாய்வாச் சீவணும், ஊசியாச் சீவக் கூடாது. முனை தரையை விட்டு அரை விரல் எழும்பி நின்னால் போதும், தட்டினதும் துள்ளும். இது கண்ணுல பட்டால் பெரிய ஆபத்து. அடிக்கிறவனுக்கு முன்னாடி 20 அடிக்குள்ள யாரும் நிக்கக் கூடாது; பிடிக்கிற ஆட்டத்தை 10 வயசுக்கு மேல உள்ளவங்க மட்டும் ஆடட்டும். சின்னதுகளுக்குக் கல்லா மண்ணா, ஏழு கல்லு போதும். ஏழு கல்லுக்கு ரப்பர் பந்துதான், கிரிக்கெட் பந்து வேண்டாம்.

---

கல்லிடைக்காரி பதில்:

தோப்புவீட்டுத் தம்பி, யோசிக்கவே வேண்டாம், கூட்டாஞ்சோறு போடுங்க. ஒரே பானை, ஒரே இலை. குழம்பு தனி, கூட்டு தனி, ரசம் தனி என்று இழுக்காது. தொட்டுக்கொள்ள எங்க கல்லிடைக்குறிச்சி அப்பளமும் கூழ்வத்தலும் முந்தின நாளே பொரித்து டின்னில் அடைத்துவிடலாம். தயிர்ப் பச்சடி ஒன்று. அவ்வளவுதான் சமையல்.

20 பேருக்கு அளவு: புழுங்கலரிசி ஒன்றேமுக்கால் கிலோ, துவரம்பருப்பு 600 கிராம். கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்து இரண்டரைக் கிலோ. மாங்காய் ஒன்று. முருங்கைக்கீரை உருவினது இரண்டு பெரிய கை. புளி 100 கிராம். அரைக்க, தேங்காய் மூன்று, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) கால் கிலோ, பூண்டு 15 பல், சீரகம் நான்கு டீஸ்பூன், மிளகாய் வற்றல் 18. பெரியவர்கள் மட்டும் என்றால் 25 மிளகாய் வைக்கலாம், பிள்ளைகள் இருப்பதால் குறைத்திருக்கிறேன். தாளிக்க நல்லெண்ணெய் 200 மில்லி, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, இன்னொரு கால் கிலோ சின்ன உள்ளி. பானை 20 லிட்டர் பிடிக்கணும். சின்னதில் வைத்தால் கிண்ட இடமில்லாமல் அடிப்பிடிக்கும்.

முறை தப்பினால் சரியாக வராது. 10 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் பருப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அரைவேக்காடு ஆகவிடணும். பிறகு அரிசி. அது பாதி வெந்ததும் வாழைக்காய், உருளை, முருங்கைக்காய். ஐந்து நிமிஷம் கழித்துக் கத்தரி, அவரை. அரிசி முக்கால் பதத்துக்கு வந்த பிறகுதான் புளிக்கரைசலும் உப்பும் மாங்காயும். புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு எத்தனை நேரம் எரித்தாலும் குழையாது. நிறையப் பேர் விறகைக் குறை சொல்வார்கள், காரணம் புளிதான். அரைத்ததைப் போட்டு ஒரு கொதி, கீரை போட்டு இரண்டே நிமிஷம், இறக்கித் தாளித்துக் கொட்டணும். கீரை கூட நேரம் கிடந்தால் கறுத்துக் கசக்கும். இறக்கும்போது சோறு தளரத் தளர இருக்கணும், இலையில் போடுவதற்குள் இறுகிவிடும். ஆளுக்கொரு கரண்டி நெய் விட்டால் சின்னப் பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடும்.

அடிப்பிடித்த வாடை வந்தால் கிண்டாதீர்கள். மேலாகக் கோரி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு அடியை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுப்புக்கு அரை அடி ஆழக் குழி, மூன்று கல். தென்னை மட்டை பொசுக்கென்று எரிந்து அடங்கும், பற்றவைக்க மட்டும் அது போதும். நின்று எரிய உடைமர விறகுதான். தென்னைக்கு அடியில் அடுப்பு மூட்ட வேண்டாம், காய் விழும், சூடும் மரத்துக்கு ஆகாது. சுற்றிப் பத்தடிக்குச் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே வையுங்கள்.

உள்ளி உரிப்பதும் கீரை உருவுவதும் பிள்ளைகள் வேலை, அவர்களுக்கு அதுவும் விளையாட்டுத்தான். காய் நறுக்குவது ஆண்கள் வேலை. தேங்காயை முந்தின நாளே துருவி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் வீட்டு மிக்ஸியில் அரைத்துக் கொண்டுவந்துவிடலாம். ஒன்பதரைக்கு நறுக்க உட்கார்ந்தால் பன்னிரண்டுக்கு இலை போடலாம். பானை பக்கம் இரண்டு பேர் போதும், அந்த இரண்டு பேரும் மணிக்கொரு தரம் மாறட்டும். மாறாவிட்டால் கடைசியில் யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும்.

---

பொருநைக்கரை பதில்:

ஆற்று விஷயத்தில் மட்டும் விளையாட்டுத்தனம் ஆகாது. மற்ற எல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்லை, இது மட்டும் கட்டுக்கோப்பாக நடக்கட்டும்.

மே மாதத்தில் தாமிரபரணியில் பெரும்பாலும் தண்ணீர் குறைவுதான். குறைவு என்பதாலேயே ஏமாந்துவிடக் கூடாது. மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் அளவிலிருந்து அடுத்த அடியில் ஆள் ஆழம் போகும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் முந்தின நாளே நீச்சல் தெரிந்த இரண்டு பேர் நீண்ட கம்போடு இறங்கி, குளிக்கப்போகும் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்க்கணும். சரியான இடத்தில் நாலு கம்பு நட்டு, கயிறு கட்டி எல்லை வையுங்கள். ஊர்க்காரர்கள் தினமும் குளிக்கும் படித்துறைதான் நம்பகம். பாசி பிடித்த படியில் வழுக்கும். ஓடாமல் கைபிடித்து இறங்கட்டும்.

தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் விழும் இடத்தில் இறங்கவே கூடாது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு இருக்கிறது இந்த ஆற்றில், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விழுகிற தண்ணீர் அடியில் சுழன்று ஆளைத் திரும்ப அணைச் சுவரை நோக்கியே இழுக்கும். நல்ல நீச்சல்காரருக்கும் அங்கே தப்புவது கஷ்டம். பாபநாசம் போகலாமா என்று யாராவது கிளப்பினால், அங்கே பரிகாரத்துக்கென்று ஆற்றில் விட்ட துணிகள் அடியில் கிடந்து காலைச் சுற்றும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மேலே அணையில் தண்ணீர் திறந்தால் இங்கே மட்டம் ஏறும். கரையோரம் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். குச்சி முழுகத் தொடங்கினாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தாலோ, கேள்வி கேட்காமல் எல்லாரும் கரை ஏறணும். கூட்டத்தை ஜூனுக்குத் தள்ளிவைத்தால் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விடும் காலம் வந்துவிடும், வாய்க்காலும் இழுப்பாக ஓடும்.

பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில். 11 பிள்ளைக்கு ஆறு பேர் தண்ணீரில் நிற்க வேண்டிவரும். ஏழாவது ஆள் உடை நனையாமல் கரையில் நின்று தலை எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது. அவர் கையில் போன், ஆம்புலன்ஸுக்கு 108. லாரி டியூப் ஒன்று, 30 அடிக் கயிறு ஒன்று கரையில் தயாராக இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் டியூபை எறியணும், நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர் குதிக்கக் கூடாது. பிள்ளையின் இடுப்புக்கு மேல் தண்ணீர் வேண்டாம். இடுப்பு என்றால் அந்தந்தப் பிள்ளையின் இடுப்பு. ஏழு மணிக்கு இறங்கி எட்டுக்கு ஏறிவிடலாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு வேண்டாம். பனங்காட்டான் அண்ணாச்சி பதநீரை முதலில் வைத்திருக்கிறார், குளித்துவிட்டு வந்து குடிப்பது நல்லது. ஷாம்பு பாக்கெட் ஒன்றுகூட ஆற்றில் கிடக்கக் கூடாது.

---

தோப்புவீடு கேட்டது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துறைக்கே போகிறோம், கம்பு போட்டு ஆழம் பார்க்க இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். கல்லிடை அக்கா, வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் புழுங்கலரிசி பழக்கமில்லை, பச்சரிசியில் செய்யலாமா?

இன்னொன்று. ஒன்றிலிருந்து நாலு மணி வரை வெளியே விட முடியாத வெயில். அந்நேரத்துக்குத் தாயம் என்று நினைத்தோம். ஆனால் தாயம் விழாமல் சின்னதுகள் ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுகிறார்கள்.

---

கல்லிடைக்காரி பதில்:

தாராளமாகச் செய்யலாம். பச்சரிசி சீக்கிரம் குழையும், அதனால் பருப்பை அரைவேக்காட்டுக்குப் பதில் முக்கால் வேக்காடு வேகவிட்டு அரிசியைப் போடுங்கள். வாழைக்காய், உருளை, முருங்கைக்காயை அரிசியோடு சேர்த்தே போட்டுவிடணும். தண்ணீர் ஒரு லிட்டர் குறைக்கலாம்.

---

பன்னிரண்டு பதில்:

பிள்ளைகள் எழுந்து போவதற்குக் காரணம் தாயக்கட்டைதான். பித்தளைக் கட்டை இரண்டிலும் 0, 1, 2, 3 என்று நாலு முகம். உருட்டினால் 16 விதமாக விழலாம், அதில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று விழுவது, இரண்டே விதம். சராசரியாக எட்டு உருட்டுக்கு ஒரு தடவைதான் காய் இறங்கும். நாலு பேர் ஆடினால் ஒரு பிள்ளை தன் முறைக்காக எத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் என்று கணக்குப் பாருங்கள்.

அதற்குப் பதில் புளியங்கொட்டை நாலு எடுத்து, ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை உரசுங்கள். தண்ணீர் தொட்டுத் தொட்டு உரசணும், இல்லையென்றால் விரல் சுடும். நாலையும் குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை. ஒன்றுமே வெள்ளை இல்லையென்றால் எட்டு. இரண்டு பக்கமும் சமமாக விழுகிற கொட்டை என்றால் 16-இல் நாலு விதம் தாயம், அதாவது நாலு போடலுக்கு ஒன்று. ஒரு கொட்டை எப்போதும் ஒரே பக்கமாக விழுந்தால் உரசல் ஏறுக்கு மாறாக இருக்கிறது, அதை மாற்றிவிடுங்கள். 1, 4, 8 விழுந்தால் இன்னொரு தடவை போடலாம்.

கட்டம் ஐந்துக்கு ஐந்து போதும். சாக்பீஸால் தரையில் போடுங்கள். நாலு பக்கத்து நடுக்கட்டமும் மலை (அங்கே இருக்கும் காயை வெட்ட முடியாது), நட்டநடுக் கட்டம் காய் போய்ச் சேரும் பழம். வெளிச்சுற்று 16 கட்டம் ஒரு திசையில், உள்சுற்று 8 கட்டம் எதிர்த் திசையில், பிறகு பழம். ஆளுக்கு நாலு காய்க்குப் பதில் இரண்டு வைத்தால் அரைமணியில் ஓர் ஆட்டம் முடியும். வெட்டினால்தான் உள்ளே போகலாம் என்ற விதியை 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தளர்த்திவிடுங்கள். பெரியவர்கள் பிள்ளைக்கு ஒருவராகச் சேர்ந்து ஜோடியாக ஆடினால், தாத்தா ஆச்சிகளும் எழுந்து போக மாட்டார்கள்.

பல்லாங்குழிக்குப் பலகை இல்லையென்றால் சிரட்டை 14 சேர்த்து, மண்ணில் பாதி புதைத்து, பக்கத்துக்கு ஏழாக வையுங்கள். வெறும் மண்குழி வேண்டாம், ஓரம் சரிந்து கொட்டை புதைந்து கணக்குத் தகராறு வரும். குழிக்கு ஐந்து வீதம் 70 கொட்டை. தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகணும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரணும். அடுத்தது வெறுங்குழி என்றால், அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடணும். எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பசுவைக் கவனிக்காமல் விட்டு, அடுத்த கொட்டை விழுந்துவிட்டால் போனது போனதுதான். பிள்ளைகள் கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பது இந்த விதியால்தான்.

4 வயதுக்காரிக்குக் கொட்டை வேண்டாம், வாயில் போட்டுவிடும். அந்தப் பிள்ளைக்குப் பச்சை ஓலைக் காற்றாடி ஒன்று செய்து கொடுங்கள், முள்ளுக்குப் பதில் முனை மழுங்கிய ஈர்க்கு வைத்து. உட்காரப் பத்தமடைக் கோரைப்பாய் நாலு இருந்தால் தரைச்சூடு தெரியாது.

---

பனங்காட்டான் பதில்:

பொருநைக்கரை சொன்னது சரி, குளியல் முதல்ல, பதநீர் எட்டரைக்கு. பனையேறுகிறவர்கிட்டயும் அந்த நேரத்தையே சொல்லிடுங்க.

ஒரு விஷயம் மட்டும். நாலு மணிக்கு மேல எந்த ஆட்டத்துக்கும் மணி வச்சு விசில் ஊதாதீங்க. ஒரு கூட்டம் நுங்கு வண்டியையே ஓட்டிக்கிட்டுத் திரியும், ஒரு கூட்டம் மரத்தடியில படுத்துக் கிடக்கும். கிடக்கட்டும், எழுப்ப வேண்டாம். பனங்காட்டுப் பக்கம் போகும்போது எல்லாரும் செருப்புப் போடணும். உடைமுள் ரப்பர் செருப்பையே துளைக்கும், அடி கனமான செருப்பா இருக்கட்டும். ஒரு ஊசி, கொஞ்சம் டிஞ்சர், பஞ்சு தனியா ஒரு டப்பாவில. பனமட்டை ஓரத்து ரம்பப் பல்லான கருக்கு கையைக் கிழிக்கும். மட்டையை இழுத்து விளையாட விடாதீங்க. பச்சைமட்டைக் கருக்கை முந்தின நாளே அரிவாளால சீவிவிட்டா, பிள்ளைகளை அதுல உட்கார வச்சு மணல்ல இழுக்கலாம். இரண்டு பெரியவங்க இழுத்தால் மூணு பிள்ளை உட்காரலாம்.